தட்டுச் சத்தம் நிற்கும்வரை

ஊரே அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது. வந்து குவிந்த அத்தனை கமெண்டுகளிலும் ஒன்றே ஒன்று மட்டும், புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னது.

“பின்சுவத்துல, தரையோரமா ஒரு ஓட்டை இருக்கும். அதுல மூக்க வெச்சா தேயிலை வாசம் வரும்.”

எழுதியவருக்குப் படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி. மருதாயி ரொட்டிக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, மாவுக் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி படித்தாள்.

புத்தகத்தின் பெயர் ‘தாழ்ப்பாள்’. எழுதியவள் வேறு யாருமில்லை, மருதாயியின் கூடப்பிறந்த தங்கை சுகுணா. கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் தாயில்லாத இரண்டு பெண் பிள்ளைகள். சிலோனிலிருந்து திரும்பி வந்து எதிலும் ஒட்டாமல் போன அப்பா. கோபம் வந்தால் சின்னவளை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் விறகு ரூமில் போட்டு அடைக்கிறார். பெரியவள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காவலுக்கு நிற்கிறாள். இதுதான் கதை. சின்னவளே தன் வாயால் சொல்வதாக எழுதியிருந்தாள். சின்னவளுக்கு அதில் அழகான பெயர் இருந்தது. பெரியவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் ‘அக்கா’.

மருதாயி புத்தகத்தை ஒரு தடவைதான் படித்தாள். கமெண்டுகளைத்தான் பல் விளக்குவதற்கு முன்னாலும் படித்தாள், ஃபேக்டரியில் டீ குடிக்க விடும்போதும் படித்தாள், படுக்கையில் போர்வைக்குள் வைத்தும் படித்தாள்.

“மேடம், ரெண்டு நாளா தூக்கம் இல்ல. அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில வெச்சுக்கணும் போல இருக்கு.” “எங்க வீட்லயும் இப்படி ஒரு அப்பா இருந்தார். உங்க புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.” “அப்பாவைக்கூட மன்னிச்சிடலாம். அந்த அக்காவை மன்னிக்கவே முடியாது.” “அக்கா ஒரு சைக்கோ. இப்ப எங்க இருக்கா? எங்க இருந்தாலும் நல்லாவே இருக்க மாட்டா.” ஒவ்வொன்றுக்கும் கீழே சுகுணா ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டிருந்தாள். அக்காவைக் கரித்துக் கொட்டியதற்கும் அதே இதயம்!

மருதாயிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாதா பின்னே? உண்மையில் உள்ளே கிடந்தவள் மருதாயி.

அவளேதான். ரொட்டி தீய்ந்தால் மருதாயி, தண்ணீர்க் குடம் சரிந்தால் மருதாயி, சுகுணா எங்கேயோ விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் மருதாயி. பெயர் வைத்ததிலிருந்தே ஓரவஞ்சனைதான்; பெரியவளுக்குக் கண்டிப் பக்கத்தில் எப்போதோ செத்துப்போன ஒரு கிழவியின் பெயர், சின்னவளுக்கு அப்பா ராஜரத்தினம் ஆசையாகத் தேடி வைத்த பெயர். சின்னவள் மேல் அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. பெரியவளை உள்ளே தள்ளிவிட்டு, சின்னவளை விட்டுத் தாழ்ப்பாளைப் போடச் சொல்லி, கதவடியில் நிறுத்திவிட்டுப் போவார். போகும்போது ஒரே ஒரு சட்டம் சொல்வார்.

“தட்டுற சத்தம் நிக்கும் மட்டும் தொறக்கப்படாது. நின்னதுக்குப் பொறகு வந்து சொல்லு.”

சின்னவள் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பெரியவள் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து நிறுத்துவாள். தட்டினால் கதவு திறக்காது என்று தெரியும். தெரிந்தும் அந்த இருட்டுக்குள் தட்டாமல் இருக்க அவளால் முடிந்ததே இல்லை.

அந்த ஓட்டையைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுகுணாவுக்கு எப்படித் தெரியும், உள்ளே கால் வைத்திருந்தால்தானே! அதனால்தான் புத்தகத்தில் ஓட்டை இல்லை. அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் மண்ணை அப்பி அடைத்திருப்பார்; கடைசிவரை மருதாயி கையால் கஞ்சி குடித்துவிட்டு அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஓட்டையைத் தெரிந்த ஒரே ஆள் இங்கே, அதே வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் விறகு ரூமுக்குப் போனாள்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே தகரம் போட்ட அறை அது. சாயங்காலமானால் கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து, தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கி, கொடியில் தொங்கும் துணிகளைத் தடவி நனைத்துவிட்டு, கடைசியில் அந்தத் தகரத்தின் மேல் வந்து படுத்துக்கொள்ளும்; உள்ளே சீகை விறகின் புளித்த வாசமும் எலிப் புழுக்கை வாசமும் ஈர மண் வாசமும் ஒன்றாகக் கலந்து, வாயைத் திறந்தால் நாக்கில் வந்து ஒட்டும். மருதாயி விறகுக் கட்டுகளைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். ஓட்டை அங்கேயே இருந்தது, ஒரு சிரட்டை அளவுக்கு. சுற்றிலும் கல் காய்ந்து கிடந்தது. விளிம்பில் மட்டும் ஈரம், கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி. விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தப் புள்ளிக்குக் கீழே, “நீங்க யாரு?” என்று எழுதிப் போட்டாள்.

ரொட்டியெல்லாம் ஆறி விறைத்த பிறகுதான் பதில் வந்தது.

“இன்னும் கதவு தொறக்கல.”

*

சனிக்கிழமை மத்தியானம் சுகுணா கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். விறகு ரூமிலிருந்தே வாசகர்களோடு லைவில் பேசப் போகிறாளாம். அந்த ரூமைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். அப்பா செத்ததற்கு வந்தபோதுகூட அந்த ரூம் பக்கம் திரும்பிப் பார்க்காதவள்!

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் ஓடி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. இந்த லைனுக்குக் குடிவந்தே சில வருஷம்தான் ஆகிறது. வந்தவள் சுகுணாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதே விட்டாள்.

“எப்படிம்மா தாங்கினே? நான் படிச்சுட்டு ஒரு வாய் சோறு எறங்கலம்மா எனக்கு.” அப்புறம் மருதாயி பக்கம் திரும்பினாள். “ஏன் மருதாயி, பச்சப் புள்ளைய உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போட உனக்கு எப்படித்தான் மனசு வந்துச்சு?”

“ஐயோ, அதெல்லாம் கதைங்க,” என்று சிரித்தாள் சுகுணா. கதை என்றாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. சாயங்காலம் சர்ச்சில் கேரல் பாட்டு இருப்பதாகவும், லைனில் எல்லோரும் ஜீப் வைத்துப் போவதாகவும், இல்லாவிட்டால் பக்கத்திலேயே நின்று லைவ் பார்த்திருப்பேன் என்றும் சொல்லிவிட்டு, பியாட்ரிஸ் மருதாயியை இன்னொரு முறை முறைத்துவிட்டுப் போனாள். லைன் முழுக்க இப்போதெல்லாம் இந்த முறைப்புதான்.

மருதாயி டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“உள்ள இருந்தது நானு.”

சுகுணா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினாள். “தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா அப்படி எழுதின?”

“வெளிய நிக்கிற புள்ளைய யாருக்கா படிப்பாங்க? உள்ள இருக்கிற புள்ளையத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். கதைன்னா அப்படித்தான்.” பிறகு சமாதானமாகச் சொன்னாள், “நெருப்புச் சட்டியை உனக்குத்தானே கொடுத்தேன்?”

ஆகா, கொடுத்தாளாம்! புத்தகத்தில் எல்லோரும் உருகுகிற இடம் அது. உறைபனி கொட்டுகிற ஒரு சாயங்காலம், அந்தக் கல்நெஞ்சுக்கார அக்கா மனசு கேட்காமல், கரி கனிந்த சட்டியைத் தூக்கி வந்து தங்கைக்குக் குளிர்காய உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி தாழ்ப்பாளைப் போடுகிறாள். உண்மையில் அதைச் செய்தது சுகுணா. ஐந்து வயதுப் பிள்ளை, கை சுடச் சுடத் தூக்கி வந்து அக்காவுக்காகத் தள்ளினாள். மருதாயி பட்ட பாட்டையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு, தான் செய்த ஒரே நல்ல காரியத்தைப் பதிலுக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்.

அந்தச் சட்டி என்ன செய்தது என்று மட்டும் சுகுணாவுக்குத் தெரியாது. முதலில் இதமாக இருந்தது. அப்புறம் நெற்றிப்பொட்டு இரண்டையும் யாரோ அமுக்கினார்கள். கொட்டாவி. கால் இருக்கிற இடம் தெரியவில்லை. பயம்கூட இல்லை, தூக்கம்தான், தேன் மாதிரி ஒரு தூக்கம். ஊர்ந்து ஊர்ந்து போய் அந்த ஓட்டையில் மூக்கை வைத்ததால்தான் மருதாயி இன்றைக்கு இருக்கிறாள். இந்த மலையில் ஒவ்வொரு பனிக்காலத்திலும் எங்காவது ஒரு வீட்டில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை. பேப்பரில் வரும், படித்து உச்சுக் கொட்டுவார்கள். குளிர் இறங்கினால், கொஞ்ச நேரம்தானே என்று அவர்களே சட்டியை உள்ளே எடுத்து வைப்பார்கள்.

“அந்தப் புள்ளி நீதானே?” என்று கேட்டாள் மருதாயி. “பேரு இல்லாம எழுதுறது?”

“எந்தப் புள்ளி?”

“ஓட்டையப் பத்தி எழுதினது.”

“ஓட்டையா? அங்க ஏதுக்கா ஓட்டை?” சுகுணாவின் முகத்தில் பொய் இல்லை. சின்ன வயசிலிருந்து பார்க்கிற முகம், மருதாயிக்குத் தெரியும். “எவனாவது வேலை இல்லாதவனா இருப்பான். பிளாக் பண்ணிடு.”

அப்படியென்றால் எழுதியது யார்? அதைத் தள்ளிவிட்டு, மனதில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள். “இன்னிக்கு நீ சொல்லணும். அத்தனை பேர் முன்னாடியும். உள்ள இருந்தது எங்க அக்கான்னு.”

சுகுணா டம்ளரைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “சொல்றேன்க்கா. சத்தியமா சொல்றேன்.”

அது போதும் மருதாயிக்கு. லைவில் காட்ட நெருப்புச் சட்டியும் வேண்டும் என்று சுகுணா கேட்டபோது, கரியை அவளே விசிறிக் கனிய வைத்தாள். தன் பெயருக்கு நேராக ஒரே ஒரு இதயம் விழுந்தால் போதும், இத்தனை வருஷத்துக்கும் அது போதும் என்று நினைத்துக்கொண்டே விசிறினாள்.

*

இருட்டுவதற்கு முன்னாலேயே மேகம் இறங்கிவிட்டது. சர்ச்சுக்குப் போன ஜீப்பின் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, அப்புறம் அதுவும் இல்லை. கற்பூர மரங்களிலிருந்து பனி சொட்டுவது ஒன்றுதான் கேட்டது.

சுகுணா விறகு ரூமில் கதவோரமாக ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, முதுகை விறகு அடுக்கில் சாய்த்து, போனை எதிரே ஸ்டாண்டில் நிறுத்தினாள். சால்வையைச் சரிசெய்தாள். “பின்னாடி எங்கிருந்தோ சில்லுனு காத்து வருதுக்கா. லைவ்ல உய்யுனு கேக்கும். என்னன்னு பாரு.”

மருதாயி கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். காற்றுக்காகத்தான். சுகுணாவே கேட்டதுதான். சாக்கைச் சுருட்டி ஓட்டைக்குள் வைத்து அழுத்தினாள். கையை எடுத்தாள். சாக்கு மெதுவாக ஒரு விரல் தடிமன் உள்ளே போயிற்று. அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. காற்றுத்தான், வேறென்ன. மருதாயி ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டு வேகமாக முன்பக்கம் வந்தாள்.

“நெருப்புச் சட்டியை நீயே தள்ளுக்கா, கை மட்டும் தெரிஞ்சா போதும். அப்புறம் தாழ்ப்பாளைப் போடு. அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேக்கணும். நான் தட்டினா தொறந்துடு, என்ன?”

வேண்டாம் சுகுணா, புகையாவது கண்ணுக்குத் தெரியும், கரியின் விஷக் காற்று தெரியாது. மருதாயிக்கு வாய்வரை வந்தது.

“கொஞ்ச நேரம்தானே,” என்றாள் சுகுணா, தானாகவே.

மருதாயி சட்டியைத் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் அந்தப் பழைய சத்தத்தோடு விழுந்தது.

தன் போனில் லைவைத் திறந்து வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே பேசுவது முதலில் கதவு வழியாகக் கேட்டது; ஒரு மூச்சு விட்டுப் பிறகு போனிலும் அதுவே கேட்டது. திரையில் கரியின் சிவப்பு சுகுணாவின் முகத்தில் அடித்தது. அழகாகத்தான் இருந்தாள், பாவி. பக்கவாட்டில் கமெண்டுகள் மழை மாதிரி விழுந்தன. “அதே ரூமா மேடம்? உடம்பெல்லாம் சிலிர்க்குது.” “தாழ்ப்பாள் சத்தம் கேட்டு அழுதுட்டேன்.” “அந்தக் கை யாரோடது? அந்த அக்காவா?!”

“இப்படித்தான் தட்டுவாங்க,” என்று சுகுணா கதவை விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். டொக். டொக் டொக். கதவில் ஒரு தரம், போனில் ஒரு தரம். இதயங்கள் பறந்தன.

தட்டுவாங்க என்றாள். தட்டுவேன் என்று சொல்லவில்லை. மருதாயி கதவுக்கு இன்னும் கிட்டே போனாள். சொல்லப் போகிறாள்.

ஒருவர் கேட்டே விட்டார். “மறைக்காம சொல்லுங்க மேடம். அந்தக் குழந்தை நீங்கதானே?”

சுகுணா வாயைத் திறந்தாள். நிறுத்தினாள். அவள் கண் திரையில் ஏறிக்கொண்டிருந்த இதயங்களின் மேல் போவது மருதாயிக்குத் தெரிந்தது. மருதாயி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். சொன்ன உடனே திறந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள்.

“ஆமா,” என்றது கதவு. “நான்தான்.”

“ஆமா,” என்றது போன். “நான்தான்.”

மருதாயி தாழ்ப்பாளை விட்டுவிட்டாள்.

“தெய்வமே.” “எங்க எல்லாருக்கும் பிள்ளை மேடம் நீங்க.” “அந்த அக்கா நாசமாப் போவா.” சுகுணா பேசிக்கொண்டே போனாள். வாசகர்கள் விடவில்லை, அவளும் விடவில்லை. கொஞ்ச நேரம் என்றவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள், அடுத்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். நெற்றியைத் தேய்த்தாள். கொட்டாவி விட்டாள், மன்னிப்புக் கேட்டுச் சிரித்தாள். சொன்னதையே மறுபடி சொன்னாள். மறுபடியும் கொட்டாவி. மருதாயி ஒவ்வொன்றையும் பார்த்தாள். அது எந்தப் படி, அடுத்தது எந்தப் படி என்று அவளுக்குத் தெரியாதா?

கீழே தேயிலைக்குள் காட்டுமாடு ஒன்று புஸ்ஸென்று மூச்சு விட்டது.

டொக். டொக் டொக்.

“அக்கா, தொற. தலை வலிக்குது.”

“என்ன ஒரு நடிப்பு மேடம்!” “அப்படியே அந்தக் குழந்தையாவே மாறிட்டாங்க.” “எனக்கு மூச்சு முட்டுது, பார்க்கவே முடியல.”

டொக் டொக்.

திற என்றது ஒரு மனசு. கொஞ்சம் தெரியட்டும் என்றது இன்னொன்று. ஒரு நாளாவது. உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு நாளாவது தெரியட்டும். அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது, இருமலோடு. நிக்கும் மட்டும் தொறக்கப்படாது.

டொக்.

பிறகு சுகுணா கட்டைக்குத் திரும்பி, விறகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். குடித்தவள் மாதிரி நாக்குக் குழறியது.

“உள்ள இருந்தது… நான் இல்ல. எங்க அக்கா. மருதாயி. நான் வெளிய… காத வெச்சு நின்னேன். அவ தட்டிட்டே இருப்பா. எனக்குப் பயமா இருக்கும். தொறந்தா அப்பா… என் அக்கா பாவம்ங்க.”

மேகம் நின்றுவிட்டதுபோல் இருந்தது மருதாயிக்கு.

“என்னது???” “அப்ப அக்காதான் அந்தக் குழந்தையா?” “மருதாயி அக்கா எங்க இருக்காங்க? காட்டுங்க.” “மருதாயி அக்கா, உங்களை எவ்வளவு திட்டிட்டேன், மன்னிச்சிடுங்க.” “உங்களை மடியில வெச்சுக்கணும் அக்கா.” மருதாயி. மருதாயி அக்கா. அவளுடைய பெயர். திரை முழுக்க அவள் பெயரும் இதயங்களும். சிவப்புச் சிவப்பாக. அவளுக்காக. கண்ணீர் வழிந்து திரையில் விழ, விரலால் துடைத்துவிட்டுப் படித்தாள். திறக்க வேண்டும். இதோ, இந்த ஒன்றைப் படித்துவிட்டு. அடுத்தது. இன்னும் ஒன்று. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்னும் ஒன்றே ஒன்று.

இதயங்களுக்கு நடுவே ஒரு புள்ளி.

“ஓட்டைய ஏன் அடைச்ச?”

மருதாயி திடுக்கிட்டுத் தலை தூக்கினாள். எவ்வளவு நேரம் ஆயிற்று? கதவு சும்மா இருந்தது. தட்டல் இல்லை. பேச்சு இல்லை. தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது! திறக்கலாம். இப்போது திறக்கலாம்.

“சுகுணா!” பாய்ந்து தாழ்ப்பாளைப் பிடித்தாள். பனியில் இரும்பு விரலோடு ஒட்டியது. இழுத்தாள்.

டொக்.

கை நின்றது.

டொக் டொக்.

“சுகுணா?”

சத்தம் கீழேயிருந்து வந்தது. அவள் இடுப்புக்கும் கீழே. சின்ன விரல் முட்டிகள். ஓய்ந்துபோன கை.

ஒரு மூச்சு விட்டு, போனிலும் கேட்டது. டொக். டொக் டொக்.

மருதாயி திரையைப் பார்த்தாள். சுகுணா விறகில் சாய்ந்திருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. கண்ணும். இரண்டு கையும் மடியில் கிடந்தன. கரி கனிந்துகொண்டிருந்தது.

“மேடம் கை மடியிலதானே இருக்கு?”

“அப்ப தட்டுறது யாரு?”

டொக் டொக்.

அவளுக்குத் தெரியும் அந்தத் தட்டு, சின்ன வயசில் அவளே தட்டிய தட்டு. அவளுடைய விரல் முட்டிகள் வலித்தன. இழு. இழுத்துத் திற. கை வரவில்லை. இழுத்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் அங்கே நிற்பது யார்?

டொக்.

“நிக்கட்டும்,” என்றாள் மருதாயி. கதவில் காதை வைத்துக்கொண்டாள், சின்னவள் நிற்பாளே, அதே இடத்தில். “சத்தம் நிக்கட்டும். நின்னதுக்குப் பொறகு தொறக்கிறேன்.”

டொக் டொக்.

கையிலிருந்த போனில் இதயங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது.